சாதி நாய்

தமிழ்நாட்டில் நாய் இரண்டு வகை. ஒன்று சாதி நாய், மற்றது பற நாய். சாதி நாயைக் காசு கொடுத்து வாங்குவார்கள், சோபாவில் ஏற்றுவார்கள், செத்துப்போனால் குழி தோண்டி மாலை போடுவார்கள். பற நாயைக் கல்லால் அடிப்பார்கள். இந்தப் பிரிவினையை எந்த விலங்கியல்காரனும் செய்யவில்லை. நம் ஊர் வாய் செய்தது. அழகான நாய் ஒன்று தெருவில் போனால் 'நல்ல சாதி நாய்ப்பா' என்று மெச்சுகிற அதே வாய்தான், கோபம் வந்தால் 'பற நாயே' என்று மனிதனைத் திட்டுகிறது. நாயைச் சொல்லி நம்மைத் திட்டுகிறானா, நம்மைச் சொல்லி நாயைத் திட்டுகிறானா என்று பிரிக்க முடியாது.

வெள்ளைக்காரன் இந்தச் சொல்லைக் கப்பலேற்றிக் கொண்டுபோனான். உடையவன் இல்லாமல் தெருவில் திரிகிற நாய்க்கு அவன் வைத்த பேர் 'பறையா நாய்'. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் பறையர் என்ற மக்களுக்கு ஒரு பதிவு இருக்கிறது. அதைத் தொட்டாற்போல அந்த நாய்க்கு ஒரு பதிவு, அந்தப் பருந்துக்கும் ஒரு பதிவு. இன்றைக்கு நாய்ப் பிரியர்கள் கொஞ்சம் கூச்சப்பட்டு 'இண்டி' என்று மாற்றிக் கூப்பிடுகிறார்கள். சந்தோசம். ஆனால் 'சாதி நாய்' என்று சொல்ல மட்டும் யாருக்கும் இதுவரை கூச்சம் வரவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், விருதுநகர் மாவட்டத்துக் கால்நடை மருந்தகங்களில் உதவியாளனாக வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் நம் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. 'அண்ணே, நல்ல சாதிக் குட்டி எங்க வாங்கலாம்? ஏமாத்தாத ஆளா சொல்லுங்க.' ராஜபாளையம் வேண்டும் என்பான் ஒருத்தன். சிப்பிப்பாறை, கன்னி என்பான் ஒருத்தன். இந்தக் கேள்வியில் இரண்டு கேள்வி இருக்கிறது. ஏமாற்றாத ஆள் யார் என்பது ஒன்று. 'நல்ல சாதி' என்றால் என்ன என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் தெரியாமல் முதலாவதற்குப் பதில் கிடைக்காது.

'திங்கச் சோறில்லாத சேரியில நாய் வளக்குறது ஒரு கேடா?' என்று சில முற்போக்குத் தோழர்கள் முகம் சுளிப்பதுண்டு. அவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நமக்கும் நாய்க்கும் உள்ள வழக்கு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. மனுதர்மம் பத்தாம் அத்தியாயம் 51ஆம் சுலோகத்தை எடுத்துப் பாருங்கள். சண்டாளருக்கும் சுவபசருக்கும் ஊருக்கு வெளியேதான் குடியிருப்பு, நாயும் கழுதையும்தான் அவர்களுக்குச் சொத்து என்று எழுதியிருக்கிறது. சுவபசர் என்றால் நாயைச் சமைப்பவர் என்று அர்த்தம். நிலம் கூடாது, பொன் கூடாது, நாய் வைத்துக்கொள் என்கிறான் மனு.

சரி, அந்த நாயையாவது நிம்மதியாக வைத்துக்கொள்ள விட்டார்களா? தென் மாவட்டங்களின் சில ஊர்களில் சேரிக்காரர்கள் கடுவன் நாய் வளர்க்கக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமை குறித்த கள ஆய்வுகள் வெளிக்கொண்டுவந்தன. செருப்புப் போடக்கூடாது, சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது, தோளில் துண்டு போடக்கூடாது என்ற பட்டியலில் இதுவும் ஒன்று. காரணம் என்ன தெரியுமா? சேரிக் கடுவன் ஊர்த் தெருவுக்குப் போய் அவர்கள் பொட்டை நாயோடு சேர்ந்துவிடக்கூடாதாம். மனு விட்டுவைத்ததை ஊர் விட்டுவைக்கவில்லை. தெருவில் நாய் சேர்வதில்கூடத் தீட்டு பார்த்த மூளை, பிள்ளைகள் சேர்ந்தால் என்ன செய்யும்? 2015இல் கோகுல்ராஜ், 2016இல் உடுமலையில் சங்கர், 2025இல் பாளையங்கோட்டையில் கவின். நாய்க்கு விதித்த சட்டமும் பிள்ளைகளுக்கு விதித்த சட்டமும் ஒரே ஏட்டில் எழுதியவைதான்.

ஏகலைவன் கதையை எல்லோரும் கட்டைவிரலில் இருந்து சொல்லுவார்கள். அதற்கு முன்னால் ஒரு நாய் வருகிறது. பாண்டவர்கள் வேட்டைக்குக் கூட்டிவந்த நாய். காட்டில் கறுத்த மேனியோடு, மான்தோல் உடுத்தி நின்ற வேடப்பிள்ளையைப் பார்த்ததும் குரைத்தது. அவன் அதன் வாயை அம்பால் அடைத்தான். அந்த நாய் திரும்பிப் போனதால்தான் அவன் வித்தை வெளியே தெரிந்தது, விரல் போனது. அரண்மனை நாய் நம்மைப் பார்த்துக் குரைக்கும் என்பது அவ்வளவு பழைய செய்தி. பண்ணையார் வீட்டு வாசலில் கூலிக்கு நின்ற எங்கள் ஆத்தாள்மார்களுக்கு அது செய்தியே அல்ல, அன்றாடம். நாய்க்குச் சாதி தெரியாது. சங்கிலி பிடித்தவனுக்குத் தெரியும். அவன் யாரைப் பார்த்து விரைக்கிறான் என்பதை நாய் கண்டுபிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் 2018இல் 'பரியேறும் பெருமாள்' வந்தபோது, தண்டவாளத்தில் கருப்பி செத்துக் கிடந்ததைப் பார்த்து நம் தெருப் பிள்ளைகள் அப்படி அழுதார்கள். அது அவர்கள் வீட்டு நாய். அண்ணல் அம்பேத்கரின் வீட்டுப் படம் ஒன்றும் உண்டு. 1934 பிப்ரவரியில் மும்பை ராஜகிருகத்தில் எடுத்தது. மகன் யஷ்வந்த், மனைவி ரமாபாய், அண்ணி லட்சுமிபாய், அண்ணன் மகன் முகுந்த், கூடவே அவருக்குப் பிரியமான நாய் டோபி. நாய் வைத்துக்கொள்வதும் ஒரு மனித உரிமை மாதிரிதான் நமக்கு. ஆகவே, தம்பி, நீ நாய் வளர்க்க ஆசைப்படுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாயோடு சேர்த்து உன் தலையில் எதைக் கட்டுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

*

கொஞ்ச காலமாக நாட்டு நாய்க்கு மவுசு ஏறியிருக்கிறது. 2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. 2017இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடிய பிறகு, நாட்டு மாட்டோடு நாட்டு நாயும் தமிழ்ப் பெருமையில் சேர்ந்துகொண்டது. 2020இல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முதோல் நாயோடு சேர்த்து இனங்களாகப் பதிவு செய்தது. அதே வருசம் ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் இந்த நாய்களைப் பேர் சொல்லிப் பாராட்டினார். பிறகென்ன, விலை ஏறியது. நேற்றுவரை ஆடு விற்றவன் இன்றைக்குப் 'பிரீடர்'.

நாட்டு நாயைக் காப்பாற்றுவது தப்பே இல்லை. வெயில் தாங்குகிற உடம்பு, கேழ்வரகுக் கூழ் குடித்தும் ஓடின உடம்பு. ஐஸ் மலையில் பிறந்த ஹஸ்கியைக் கொண்டுவந்து சிவகாசி வெயிலில் வதைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் விற்கிறவன் வாயைக் கவனியுங்கள். 'இது ஜமீன் அரண்மனை லைன்.' 'பாளையக்காரர் வம்சம்.' 'கலப்பே இல்லாத ரத்தம், ஏழு தலைமுறை.' 'மறவர் பூமி வேட்டை நாய்.' குட்டி விற்கிற விளம்பரத்துக்குக் கீழே அருவாள் படம் எதுக்கு? மீசை எதுக்கு? நாயை விற்கவில்லை, தன் சாதிப் பெருமையை நாலு காலில் நிறுத்தி விற்கிறான்.

ஜமீன்தார் காலையில் எழுந்து நாய்க்குக் கூழ் காய்ச்சினாரா? உண்ணி பொறுக்கினாரா? குட்டி ஈனும்போது ராத்திரி முழுக்க அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்தாரா? அந்த வேலையைச் செய்த கைகள் வேறு. இன்றைக்கும் பெரிய நாய்ப் பண்ணைகளில் கூண்டு கழுவுகிறவன் யார், நகராட்சி நாய் வண்டியில் சுருக்குக் கயிறு பிடிக்கிறவன் யார் என்று பாருங்கள். வம்சச் சான்றிதழில் நாயின் கொள்ளுத்தாத்தா பேர்வரை இருக்கும். பீ அள்ளினவன் பேர் இருக்காது.

என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பண்ணைக்காரரிடம் போனில் பேசி, சிப்பிப்பாறைக் கடுவன் குட்டி ஒன்றுக்கு விலையும் முடித்துவிட்டு, காசோடு போனான். தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். பிறகு விசாரணை.

'தம்பிக்கு எந்த ஊரு?'

சொன்னான்.

'ஊர்ல எந்தப் பக்கம்?'

'கெழக்க, டேங்குக்கு அங்கிட்டு.'

'காலனியா?'

'ஆமாண்ணே.'

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, 'அந்தக் குட்டிய வேற ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு வீட்ல சொல்லுறாகப்பா. அடுத்த ஈத்துல பாப்போம்' என்று அனுப்பிவிட்டார். மறுநாளும் அந்தக் குட்டியின் படம் விற்பனைக்கு என்றே இருந்தது. அவன் என்னிடம் வந்து கேட்டான், 'மாமா, நாயி வாங்குறதுக்குமா கம்யூனிட்டி சர்டிபிகேட்?'

அவனுக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

*

சுத்த ரத்தம் என்ற பேச்சு நாயில் எப்போது வந்தது? நாய் மனிதனோடு பல்லாயிரம் வருசமாக வாழ்கிறது. ஓடுகிற நாய், காவல் நாய், ஆட்டுக்கிடை நாய் என்று வேலை பார்த்துத்தான் மனிதன் நாயைப் பிரித்தான். நல்லா ஓடுகிற கடுவனை நல்லா ஓடுகிற பொட்டையோடு சேர்த்தான். வெளியூர்க் கடுவன் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்ன நாயின் பிள்ளைதான் இந்த இனம், வெளி ரத்தம் உள்ளே வரக்கூடாது என்று ஏட்டை மூடியது விக்டோரியா காலத்து இங்கிலாந்து. லண்டனில் கென்னல் கிளப் தொடங்கிய வருசம் 1873. அதே காலத்தில்தான், 1871-72இல், வெள்ளைக்கார அரசு இந்தியாவில் முதல் குடிக்கணக்கு எடுத்து மனிதர்களைச் சாதி சாதியாக ஏட்டில் ஏற்றியது. 1901 குடிக்கணக்குக்குத் தலைவராக இருந்த ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து சாதியை வரிசைப்படுத்தப் பார்த்தான். நாய்க் கண்காட்சியில் நடுவர் மூக்கையும் வாலையும் அளக்கிறாரே, அதே காலத்துப் புத்திதான் இதுவும்.

ஏட்டை மூடினால் என்ன ஆகும்? அண்ணல் 1916லேயே சொல்லிவிட்டார், சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று. ஒரு வட்டத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்தால்தான் சாதி நிற்கும். நாயில் 'இனச் சுத்தம்' என்பதும் அச்சு அசலாக இதேதான். தாய்க்கு மகனை, அண்ணனுக்குத் தங்கச்சியைச் சேர்த்து, அதற்கு 'லைன் பிரீடிங்' என்று இங்கிலீசில் பேர் வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு உடம்பிலும் சில குறைகள் ஒளிந்திருக்கும். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அதே குறை வந்து சேர்ந்தால்தான் பல குறைகள் வெளியே தெரியும். அந்நிய ரத்தம் கலந்தால் அது ஒளிந்தே கிடக்கும். ஒரே குடும்பத்துக்குள் சுற்றினால் தலையை நீட்டும். கண்காட்சியில் ஜெயித்த ஒரே கடுவனை மாவட்டம் முழுக்கப் பொட்டைகளுக்கு விட்டால், பத்து வருசத்தில் மாவட்டம் முழுக்க அதன் குறை நிற்கும்.

கண்ணுக்கு முன்னால் சாட்சி வேண்டுமென்றால் ராஜபாளையம் நாயைப் பாருங்கள். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ஒரு புள்ளி இருக்கக்கூடாது. அதுதான் 'சுத்தம்'. புள்ளியோடு பிறந்த குட்டிகளைக் கழித்துக்கட்டினார்கள். இந்த வெள்ளைப் பைத்தியத்துக்கு நாய் கொடுத்த விலை காது. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற அணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லையென்றால், குட்டி பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பணுக்கள் செத்துப்போகும். அதனால்தான் ராஜபாளையத்தில் இத்தனை செவிட்டுக் குட்டிகள். மருந்தகத்துக்குக் கொண்டுவருவார்கள், 'சார், கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது, திமிரு' என்று. திமிர் இல்லை ஐயா, அதற்குக் காது கேட்கவில்லை. கறுப்புப் புள்ளி ஒன்று காதருகே இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். அந்தப் புள்ளியைத்தானே நீங்கள் தீட்டு என்று கழித்தீர்கள்!

1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இந்த வாதத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியிருக்கிறார். சாதி என்பது இனத்தூய்மையைக் காக்க வந்தது என்று சொன்னவர்களுக்குப் பதிலாக, மனித இனங்கள் எல்லாம் ஒரே உயிரினத்தின் வகைகள்தான், கலந்தால் பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கும் என்று காட்டினார். சாதி அப்படி நல்ல மனிதர்களைப் பொறுக்கி எடுக்கிற ஏற்பாடு என்றால், இந்த நாட்டு மக்கள் ஏன் இப்படி வளர்ச்சி குன்றிக் கிடக்கிறார்கள் என்றும் கேட்டார். சிப்பிப்பாறையும் கன்னியும் கலந்தால் குட்டி பிறக்கும். நல்ல குட்டியாகவே பிறக்கும். கெட்டுப்போவது விற்கிறவனின் விலைப்பட்டியல் மட்டும்தான்.

*

சரி, இனி முதல் கேள்வி. ஏமாற்றாத ஆள் யார்? கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

தகப்பன் பெருமையைக் கேட்காதே, தாயைக் காட்டச் சொல். கடுவன் கோப்பை வாங்கின படத்தைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதை விடு. 'தாயைப் பாக்கணும்' என்று சொல். குட்டிகளோடு தாய் அதே இடத்தில் இருக்க வேண்டும். அதன் தோலில் சொறி இருக்கிறதா, விலா எலும்பில் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, ஆளைக் கண்டு மூலையில் ஒடுங்குகிறதா என்று பார். சிப்பிப்பாறையும் கன்னியும் இயல்பிலேயே ஒல்லி, அதைப் பட்டினியோடு குழப்பிக்கொள்ளாதே. முடி மின்னும், கண் தெளிவாக இருக்கும். 'தாயி தோட்டத்துல இருக்கு', 'ஆக்ரோசமா இருக்கு, காட்ட முடியாது' என்றால் எழுந்து வந்துவிடு. தாயை மறைக்கிறவன் எதையும் மறைப்பான்.

எத்தனை பொட்டை வைத்திருக்கிறார், எத்தனை ஈத்து ஆகியிருக்கிறது என்று கேள். 2017இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றித் தனி விதிகள் கொண்டுவந்தது. நாய் வளர்த்து விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் ஆகாத பொட்டையைச் சேர்க்கைக்கு விடக்கூடாது. வருசத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. எத்தனை பேர் இதை மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. 'பதிவு நம்பர் காட்டுங்க' என்று நீ கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே பாதி விசயம் தெரிந்துவிடும். 'நாப்பது நாள்தான் ஆச்சு, இப்பத் தூக்கிட்டுப் போனாத்தான் பழகும்' என்று சொல்கிறவர் குட்டியின் பால்செலவை மிச்சப்படுத்துகிறார். தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் எட்டு வாரம் இருந்த குட்டிதான் கடிக்கிற அளவு தெரிந்து வளரும்.

காது பார். ராஜபாளையம் என்றால் கட்டாயம் பார். குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்து, அது உன்னைப் பார்க்காதபோது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டு. தரையைத் தட்டாதே, அதிர்ச்சியை உடம்பால் உணர்ந்து திரும்பிவிடும். இரண்டு மூன்று முறை செய். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தப்பிவிடும், அதற்குக் கருவி வைத்துத்தான் சோதிக்க வேண்டும். 'போன ஈத்துல செவுடு எத்தனை?' என்று நேராகக் கேள். 'ஒண்ணு இருந்துச்சு, அதுக்கப்புறம் அந்த ஜோடிய மறுபடி சேக்கல' என்று சொல்கிற ஆளை நம்பலாம். 'எங்க லைன்ல அதெல்லாம் கெடையாது' என்கிறவரை நம்பாதே. குறையே இல்லாத வம்சம் உலகத்தில் எந்த உயிருக்கும் இல்லை.

ஏன் இந்தக் கடுவனைச் சேர்த்தீர்கள் என்று கேள். 'நல்ல குணம், எட்டு வயசுலயும் ஓடுது, பொட்டைக்கு ரத்த உறவு இல்ல' என்று பதில் வந்தால் அது தொழில் தெரிந்த ஆள். 'ஜமீன் ரத்தம்' என்று வந்தால் உன் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்.

காகிதத்தை அதன் அளவுக்கு மட்டும் நம்பு. சென்னையில் தலைமையகம் வைத்திருக்கிற கென்னல் கிளப் ஆப் இந்தியா கொடுக்கிற சான்றிதழில் மூன்று தலைமுறைப் பேர் இருக்கும். இன்னாருக்கு இது பிறந்தது என்று வளர்த்தவர் எழுதிக்கொடுத்ததன் பதிவு அது. காது கேட்கும் என்றோ, நோயில்லை என்றோ அதில் எழுதியிருக்காது. அதைவிட முக்கியமான காகிதம் தடுப்பூசி அட்டை. ஊசி மருந்தின் லேபிள் ஒட்டி, மருத்துவர் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நாலு மாதம் வரை, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. பூச்சி மருந்து இரண்டாவது வாரத்திலிருந்தே. அட்டைப்பெட்டியில் வைத்து ஆம்னி பஸ்ஸில் அனுப்புகிற குட்டியை வாங்காதே. பார்வோ வந்த குட்டி ரத்தமாகக் கழிந்து மருந்தக மேசையில் சாவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

கடைசியாக ஒன்று. நல்ல ஆள் உன்னிடமும் கேள்வி கேட்பார். அவர் என்ன கேட்கிறார் என்பதைக் காது கொடுத்துக் கேள். 'பகல்ல வீட்ல யாரு இருப்பா? ஓட விட எடம் இருக்கா? கட்டியே போடுவீங்களா? முன்னால நாய் வளத்திருக்கீங்களா? வளக்க முடியலன்னா எங்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க, வேற யாருக்கும் வித்துராதீங்க.' இப்படிக் கேட்கிறவர் கோபப்படுத்தினாலும் பொறுத்துக்கொள், அவர் குட்டிக்காகக் கேட்கிறார். 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்று கேட்கிறவர் குட்டிக்காகக் கேட்கவில்லை. அக்கா மகனுக்கு நான் சொன்னதும் இதுதான். 'மருமகனே, அந்த ஆளு உனக்குக் குட்டி தராததுனால நீ தப்பிச்ச. வாங்குறவன் சாதியப் பாக்குறவன் நாய்க்கும் சாதியத்தான் பாத்திருப்பான், காதப் பாத்திருக்க மாட்டான்.'

*

அவன் கடைசியில் வேறு இடத்தில் வாங்கினான். பால் வியாபாரம் பார்க்கிற ஒரு அம்மா, இரண்டே பொட்டை வைத்திருப்பவர். தாயைக் காட்டினார், போன ஈத்துக் குட்டிகள் இருக்கிற வீடுகளின் விலாசத்தைக் கொடுத்தார். குட்டியின் தகப்பன் கன்னியா சிப்பிப்பாறையா என்று கேட்டதற்கு 'ரெண்டும் கலந்ததுதான்யா, மொசலு மாதிரி ஓடும்' என்றார். விலை பாதி.

எல்லோரும் வாங்கியே தீர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஓட்டநாய்க்கு ஓட இடம் வேண்டும். ஒன்றரை சென்ட் தொகுப்பு வீட்டில், நாள் முழுக்கக் கூலிக்குப் போகிற குடும்பத்தில், அதைக் கம்பத்தில் கட்டிவைத்தால் அது பைத்தியமாகிவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நம் தெருவில் பிறக்கிற குட்டியே போதும். அதற்கும் அதே ஊசியைப் போடு, கருத்தடை செய். ஆயிரக்கணக்கான வருசமாக எவனும் ஏட்டில் ஏற்றாமல், எவனும் மூக்கை அளக்காமல், இந்த வெயிலிலும் இந்தப் பட்டினியிலும் தானே துணை தேடிப் பிழைத்து வந்த நாய் அது. பேரில்தான் இழிவு, உடம்பில் இல்லை.

அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை நடத்திவந்த நாய் இனப்பெருக்க மையத்தை மூடச் சொல்லி 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாய்கள் அங்கே இருந்த நிலைமைக்கு அது சரிதான். ஆனால் அரசு கைவிட்ட இடத்தில் மீசைக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நாட்டு நாய் பொதுச்சொத்து என்றால் அதன் பதிவேடும் பொதுவில் இருக்கட்டும். எந்தப் பொட்டை எந்தக் கடுவனோடு சேர்ந்தது, எத்தனை செவிடு, எத்தனை சாவு என்று யார் வேண்டுமானாலும் பார்க்கிற ஏடாக இருக்கட்டும். கறுப்புப் புள்ளியோடு பிறந்த ராஜபாளையத்தையும் அதில் சேர்க்கட்டும். விற்கிறவன் வாங்குகிறவனின் தெருவைக் கேட்டால், அவன் பதிவு ரத்தாகட்டும்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான். நாய் வாங்கு. கடுவனாகவே வாங்கு, நம் பாட்டன்களுக்கு மறுத்தது அது. நல்லாச் சோறு வை, ஊசி போடு, சாயங்காலம் ஊர்த் தெரு வழியாகவே கூட்டிக்கொண்டு போ. வாசலில் உட்கார்ந்திருக்கிறவன் எவனாவது 'என்ன சாதிடா இது?' என்று கேட்பான். கேட்காமல் இருக்க மாட்டான். 'நாய்ச் சாதிண்ணே' என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இரு.